சர்வர் ஆனில் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை: டிஹெச்சிபி தகராறை எங்கிருந்து தேடுவது?

சர்வர் என்றதும் கண்ணாடிக் கதவு போட்ட அறையும் ஏசியும் நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள், கோத்தகிரியில் ஏசிக்கு வேலையும் இல்லை. இங்கே நான் சர்வர் என்று சொல்வது, மற்ற கருவிகள் தேடி வந்து எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு போகிற எந்தப் பெட்டியையும்தான். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் டேலி கணக்கை வைத்திருக்கிற கம்ப்யூட்டர், ஹோம்ஸ்டேயில் கேமராப் பதிவுகளைச் சேமிக்கிற என்விஆர், பள்ளிக்கூட லேபில் பாடங்களை வைத்திருக்கிற சின்ன ராஸ்பெர்ரி பை, வீட்டில் போட்டோக்களைக் கொட்டி வைக்கிற நாஸ் பெட்டி, எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

இந்தப் பெட்டிகளைப் பற்றி வருகிற போன் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அண்ணா, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்குக் காலையில டேலி திறக்க மாட்டேங்குது. சர்வர் ஆன்லதான் இருக்கு, லைட்டெல்லாம் எரியுது." போய்ப் பார்த்தால் பெட்டி ஓடுகிறது, டிஸ்க் நன்றாக இருக்கிறது, டேலியிலும் கோளாறு இல்லை. பெட்டியின் நெட்வொர்க் முகவரி மாறிப்போயிருக்கும், இல்லாவிட்டால் முகவரியே கிடைத்திருக்காது. அந்த முகவரியைத் தானாகக் கொடுக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் டிஹெச்சிபி. அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், சர்வருக்குக் கிடைத்திருக்கிற எண்ணைப் பார்த்தே தப்பு எந்தப் பக்கம் என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் மலையில் இது அடிக்கடி வரும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் எங்கேயோ மண் சரிந்தோ மரம் விழுந்தோ ஃபைபர் அறுந்தால் இன்டர்நெட் போகும். ஆனால் உங்கள் அலுவலகத்துக்குள் முகவரி கொடுப்பது உங்கள் ரவுட்டர்தான், மலைக்குக் கீழே இருக்கிற யாரும் இல்லை. ஃபைபர் அறுந்தாலும் பில்லிங் கம்ப்யூட்டருக்குச் சர்வர் தெரிய வேண்டும். இன்டர்நெட் இல்லை, ஆனால் டேலி திறக்கிறது என்றால் உள் நெட்வொர்க் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம், ரவுட்டரைத் தொடாதீர்கள். இன்டர்நெட் வரவில்லையே என்று ஊக்கை எடுத்து ரீசெட் ஓட்டையில் குத்தி, அதுவரை சரியாக இருந்த உள் அமைப்புகளையும் அழித்துவிட்டு, அப்புறம் இரண்டு பிரச்சனையோடு உட்கார்ந்திருக்கிற அலுவலகங்கள் எல்லா மழைக்காலத்திலும் உண்டு.

முகவரி எப்படிக் கிடைக்கிறது?

சீசன் நேரத்து ஊட்டி லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். வந்திறங்குகிறவருக்குத் தன் அறை எண் தெரியாது. ரிசப்ஷனில் கேட்டால் காலியாக இருக்கிற ஓர் எண்ணைச் சொல்லி, இத்தனை மணிக்குள் காலி பண்ண வேண்டும் என்று சாவியைக் கொடுப்பார்கள், வேண்டுமானால் அதற்கு முன்னால் வந்து நாளை நீட்டித்துக்கொள்ளலாம். ரவுட்டருக்குள் இருக்கிற டிஹெச்சிபி செய்வதும் இவ்வளவுதான்.

ஒரே வித்தியாசம், இங்கே வருகிறவருக்கு ரிசப்ஷன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கேபிளைச் செருகியதும் பெட்டி 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற எல்லாருக்கும் பொதுவான முகவரிக்கு, "யாராவது இருக்கீங்களா, எனக்கு ஒரு முகவரி வேணும்" என்று கூவும். இது டிஸ்கவர். ரவுட்டர் கேட்டுவிட்டு "192.168.1.104 இருக்கு, வேணுமா?" என்று பதில் போடும், இது ஆஃபர். "சரி, அதையே கொடு" என்று பெட்டி மறுபடியும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொல்லும், இது ரெக்வெஸ்ட். "எழுதிக்கிட்டேன், இவ்வளவு நேரத்துக்கு அது உன்னுது" என்று ரவுட்டர் முடிக்கும், இது ஆக். நான்கே செய்திகள். ரவுட்டர் பக்கம் யூடிபி 67ஆம் போர்ட், கேட்கிறவர் பக்கம் 68 (இந்தப் போர்ட் கேபிள் செருகுகிற துளை இல்லை, செய்தி எந்த வேலைக்கு என்று பிரிக்கிற எண்). முகவரியோடு, எதுவரை நம் உள் நெட்வொர்க் என்று சொல்கிற சப்நெட் மாஸ்க், வெளியே போகிற வழியான கேட்வே, இணையப் பெயர்களை எண்ணாக மாற்றிக் கொடுக்கிற டிஎன்எஸ்ஸின் எண் எல்லாமும் சேர்ந்தே வரும்.

மூன்றாவது செய்தியையும் ஏன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்? ஏனென்றால் ஒரே நெட்வொர்க்கில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஃபர் கொடுத்திருக்கலாம். யாருடையதை எடுத்துக்கொண்டேன் என்று எல்லாருக்கும் தெரிந்தால்தான் மற்றவர்கள் தங்கள் எண்ணைத் திரும்ப எடுத்து வைப்பார்கள். பெட்டிக்கு எது உண்மையான ரவுட்டர், எது யாரோ கொண்டுவந்து செருகிய ரவுட்டர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே பிடித்துக்கொள்ளும். பின்னால் வரப்போகிற ஒரு பெரிய தலைவலிக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

இது புது ஏற்பாடும் இல்லை. 1985இல் பூட்பி என்று ஒன்று வந்தது, அதில் எந்த இயந்திரத்துக்கு எந்த எண் என்ற பட்டியலை ஆள் உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். அதை வளர்த்து 1993இல் டிஹெச்சிபி வந்தது, 1997இல் ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதி ஆவணமாகத் திருத்தி எழுதினார்கள், இன்றைக்கும் உங்கள் ரவுட்டர் அடிப்படையில் அதைத்தான் பின்பற்றுகிறது.

இப்போது குத்தகைக் காலம், அதாவது லீஸ். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் நேரத்தோடு சம்பந்தப்பட்ட புதிர்கள் பாதி இதில்தான் அவிழும். 24 மணி நேர லீஸ் என்று வையுங்கள். பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் ஆனதும் பெட்டி தனக்கு எண் கொடுத்த அதே ரவுட்டரிடம் நேராகப் போய் "நீட்டித்துக் கொடு" என்று கேட்கும். பதில் வராவிட்டால் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். எட்டில் ஏழு பங்கு, அதாவது 21 மணி நேரம் ஆகியும் பதில் இல்லையென்றால் இனி அந்த ரவுட்டரை நம்பிப் பயனில்லை என்று எல்லாரையும் பார்த்துக் கேட்க ஆரம்பிக்கும். 24 மணி நேரம் முடிந்தும் ஒன்றும் கிடைக்காவிட்டால் கையில் இருக்கிற எண்ணைக் கீழே போட்டுவிட வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், காரணம் ஒரு நாளும் விளைவு மறுநாளும் வரும். திங்கட்கிழமை மத்தியானம் யாரோ ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கு எதுவுமே ஆகாது. எல்லாரும் பழைய எண்ணோடு சந்தோஷமாக வேலை பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும், அதுவும் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு நேரத்தில். "இன்னிக்கு யாரும் எதையும் தொடலையே" என்று அலுவலகத்தில் சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை. நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.

சர்வருக்கு மட்டும் ஏன் தனி மரியாதை?

உங்கள் போனுக்கு இன்று 104, நாளை 131 என்று எண் மாறினால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அது மற்றவர்களைத் தேடிப் போகிற கருவி, அதை யாரும் தேடி வருவதில்லை. சர்வர் அப்படி இல்லை. பில்லிங் கம்ப்யூட்டரில் டேலி தரவு 192.168.1.20இல் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறோம், முதலாளி போனில் இருக்கிற கேமரா ஆப்பில் என்விஆரின் எண் இருக்கிறது, பிரிண்டர் ஸ்கேன் செய்து அனுப்புகிற ஃபோல்டரும் அதே எண்ணில்தான். எண் மாறினால் எல்லாரும் பழைய வாசலில் போய் நிற்பார்கள்.

அதனால் சர்வருக்கு எண் மாறக்கூடாது. இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சர்வருக்குள்ளேயே போய் கையால் எண்ணை எழுதிவிடுவது, ஸ்டேட்டிக் ஐபி. இன்னொன்று, சர்வரைத் தானாகவே வாங்கிக்கொள்ள விட்டுவிட்டு, ரவுட்டரில் "இந்த மேக் ஐடி உள்ள பெட்டி எப்போது கேட்டாலும் இந்த எண்ணையே கொடு" என்று எழுதி வைப்பது, இது ரிசர்வேஷன். மேக் ஐடி என்பது நெட்வொர்க் கார்டோடு வருகிற 48 பிட் அடையாளம், பன்னிரண்டு இலக்கமாக இரண்டிரண்டாகப் பிரித்து ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள்.

சின்ன அலுவலகத்துக்கு நான் ரிசர்வேஷன் கட்சி. காரணம் எளிது. எல்லா எண்ணும் ஒரே இடத்தில், ரவுட்டர் பக்கத்தில் இருக்கும். கேட்வேயோ டிஎன்எஸ்ஸோ மாறினால் சர்வருக்குத் தானாகவே போய்ச் சேரும். கையால் எழுதின சர்வரில் கேட்வே தப்பாக இருந்தால் அலுவலகத்துக்குள் எல்லாம் வேலை செய்யும், ஆனால் ராத்திரி நடக்க வேண்டிய கிளவுட் பேக்கப் மட்டும் மாதக்கணக்கில் நடக்காமல் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்டேட்டிக்தான் வேண்டும் என்றால் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: ரவுட்டர் தானாகக் கொடுக்கிற வரிசைக்கு, அதாவது பூலுக்கு, வெளியே இருக்கிற எண்ணாகப் பார்த்து எடுங்கள். பூல் 100 முதல் 199 வரை என்றால் சர்வருக்கு 20. பூலுக்கு உள்ளே 120 என்று எழுதிவிட்டால், சர்வர் அணைந்திருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டர் அதே 120ஐ யாருடைய போனுக்காவது கொடுத்துவிடும். திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் ஒரே எண்ணுக்குச் சண்டை போடுவார்கள்.

சரி, கோளாறு வந்துவிட்டது

முதல் வேலை, சர்வரிடம் இப்போது என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பது. நெட்வொர்க் வழியாகப் போக முடியாது என்பதால் மானிட்டரையும் கீபோர்டையும் எடுத்துக்கொண்டு சர்வர் இருக்கிற மேசைக்கே போங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக், பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்தால் மேக் ஐடி, லீஸ் எப்போது வாங்கியது, எப்போது முடிகிறது, யார் கொடுத்தது எல்லாமே தெரியும். லினக்ஸ் என்றால் ஐபி ஏ என்ற கட்டளை. என்விஆரில் மெனுவுக்குள் நெட்வொர்க் பக்கம். மானிட்டரே செருக முடியாத நாஸ் பெட்டி என்றால் ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கிற கருவிகளின் பட்டியலைப் பார்க்கலாம். கிடைத்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எண்ணே இல்லை, கேபிள் இணைக்கப்படவில்லை என்கிறதா? இது டிஹெச்சிபி பிரச்சனையே இல்லை. லேன் போர்ட்டில் சின்ன லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள், ஸ்விட்ச்சில் வேறு போர்ட்டில் போடுங்கள். மலையில் இதற்கு இரண்டு வழக்கமான குற்றவாளிகள். ஒன்று ஈரம்: பனியும் மழையுமாக மாதக்கணக்கில் இருக்கிற இடத்தில் கிரிம்ப் செய்த முனையில் இருக்கிற செம்பு பச்சை பூத்துவிடும். இன்னொன்று இடி. ஏப்ரல், மே மாதத்து இடிமழையிலும் ஐப்பசி மழையிலும், கட்டடத்துக்கு வெளியே இழுத்த லேன் கேபிள் வழியாக மின்னல் உள்ளே வந்து போர்ட்டை எரித்துவிடும், கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். எடைபோடும் ஷெட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் செம்புக் கேபிள் இழுத்திருந்தால் அடுத்த முறை அங்கே ஃபைபர் போடச் சொல்லுங்கள், அதில் மின்சாரம் ஓடாது.

169.254 என்று ஆரம்பிக்கிற எண்

இது வந்தால் ஒரே அர்த்தம்தான்: பெட்டி கூவியது, யாரும் பதில் சொல்லவில்லை, வேறு வழி இல்லாமல் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. இதற்காகவே ஒதுக்கிய வரிசை அது. லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் இதுகூட வராது, எஃப்ஈ80 என்று ஆரம்பிக்கிற நீளமான ஒன்று மட்டும் இருக்கும். அது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் பெட்டி தானே செய்துகொண்ட எண், அதைப் பார்த்து முகவரி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

பதில் ஏன் வரவில்லை? நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்ட். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், அவலாஞ்சி பக்கமும் வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் கம்பியில் மரம் விழுவதும் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். கரண்ட் திரும்பி வரும்போது எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். எஸ்எஸ்டி போட்ட சர்வர் அரை நிமிடத்தில் எழுந்து முகவரி கேட்கும், ரவுட்டரோ இன்னும் தூக்கத்தில் இருக்கும். நடுவில் இருக்கிற ஸ்விட்ச் கொஞ்சம் விவரமானது என்றால் இன்னும் மோசம். கேபிள்கள் எங்காவது வட்டமாகச் சுற்றி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஸ்பானிங் ட்ரீ முறையில் சோதிக்க ஒவ்வொரு போர்ட்டையும் 15 நொடி, இன்னொரு 15 நொடி என்று நிறுத்தி வைத்துத்தான் திறக்கும். அந்த 30 நொடிக்குள் சர்வர் கேட்ட கேள்வி எங்கேயும் போய்ச் சேராது. விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுக்கொண்டிருக்கும், அதனால் கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும். சில மலிவான பெட்டிகள் அவ்வளவு விடாமுயற்சி காட்டாது, கையால் மறுபடி ஆன் செய்கிற வரைக்கும் அப்படியே கிடக்கும்.

இதற்கு மருந்து, ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் யூபிஎஸ்ஸில் போடுவது. அலுவலகங்களில் சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு ரவுட்டரை நேராகச் சுவரில் செருகியிருப்பார்கள், எனக்குப் புரியாத கணக்கு அது. 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. ஸ்விட்ச்சில் சர்வர் இருக்கிற போர்ட்டுக்குப் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் 30 நொடி காத்திருப்பும் போய்விடும்.

கரண்ட் காரணம் இல்லை என்றால் பூல் தீர்ந்துபோயிருக்கிறதா பாருங்கள். ஹோம்ஸ்டேக்களில் மே மாதம் இது நிச்சயமாக நடக்கும். ரவுட்டரில் 100 முதல் 149 வரை என்று இருக்கும், 50 எண். ஒரு குடும்பம் வந்தால் ஆளுக்கொரு போன், குழந்தைக்கு ஒரு டேப், வேலையைக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் லேப்டாப். அவர்கள் காலையில் கிளம்பித் தொட்டபெட்டா பார்த்துவிட்டு மேட்டுப்பாளையமே இறங்கியிருப்பார்கள், ஆனால் 24 மணி நேர லீஸ் முடிகிற வரைக்கும் அந்த எண்களை ரவுட்டர் அவர்கள் பேரிலேயே வைத்திருக்கும். மத்தியானம் அடுத்த குடும்பம் வந்துவிடும். போதாததற்கு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான மேக் ஐடியைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புது ஐடியைச் சொல்கின்றன. வாசலில் ஒரு வைஃபை பெயர், மாடியில் இன்னொரு பெயர், இரண்டுக்கும் ஒரே பூல் என்று வைத்திருந்தால் ஒரே போன் இரண்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். விருந்தாளி வைஃபையைத் தனியாகப் பிரித்து, அதற்கு லீஸை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். சர்வருக்கும் என்விஆருக்கும் ரிசர்வேஷன் போட்டிருந்தால் பூல் நிரம்பினாலும் அவற்றின் எண்ணை ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காது.

ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காக, அதாவது விலானாக, பிரித்து வைத்திருக்கிற இடங்களில் இன்னொன்று உண்டு: அந்தப் பொதுக் கூவல் தன் விலானைத் தாண்டிப் போகாது. கேமரா விலான் போர்ட்டில் சர்வரைச் செருகிவிட்டால், அங்கே யாரும் டிஹெச்சிபி நடத்தாவிட்டால், 169.254தான்.

எண் இருக்கிறது, ஆனால் நம் வரிசை இல்லை

அலுவலகம் முழுக்க 192.168.1 என்று ஓடும்போது சர்வருக்கு மட்டும் 192.168.0.105 என்று வந்திருந்தால், வேறு யாரோ முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள். கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருப்பதும், ஒருமுறை கண்டுபிடித்தால் பக்கத்திலேயே இருப்பதும் இந்த ரகம்தான். மாடியில் சிக்னல் வரவில்லை என்று யாரோ பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருப்பார்கள். மலை வீடுகளில் சுவர் கருங்கல், சிக்னல் வராதது உண்மைதான், ஆனால் அந்த ரவுட்டரும் தன் பாட்டுக்கு எண் கொடுக்க ஆரம்பித்துவிடும். இரண்டில் எது முதலில் பதில் சொல்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் கோளாறும் வரும் போகும், பாதிக் கம்ப்யூட்டர் வேலை செய்யும், மீதி செய்யாது.

ஐபிகான்ஃபிக்கில் எண்ணைக் கொடுத்த டிஹெச்சிபி சர்வரின் முகவரி இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பாருங்கள். 192.168.0.1 என்று இருந்தால், அந்த முகவரியையே பிரவுசரில் தட்டினால் குற்றவாளியின் லாகின் பக்கம் திறக்கும், எந்த மாடல் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை வெறும் வைஃபை பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதில் டிஹெச்சிபியை அணையுங்கள், அதன் சொந்த முகவரியைப் பெரிய ரவுட்டரின் வரிசையில் பூலுக்கு வெளியே இருக்கிற ஓர் எண்ணாக மாற்றுங்கள், கேபிளை இன்டர்நெட்டுக்கான வான் துளையில் போடாமல் லேன் துளையில் போடுங்கள். இப்போது வருகிற பலவற்றில் ஏபி மோடு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் இவ்வளவையும் அதுவே செய்துகொள்ளும்.

ரவுட்டரையே மாற்றியிருந்தாலும் இதே அறிகுறி வரும், ஆனால் அப்போது எல்லாக் கருவியும் சேர்ந்து புது வரிசைக்குப் போயிருக்கும். பழைய ரவுட்டரோடு ரிசர்வேஷன் பட்டியலும் போய்விட்டது. இருபது கருவியில் எண்ணை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். புது ரவுட்டரின் லேன் முகவரியைப் பழைய ரவுட்டரின் முகவரியாகவே மாற்றிவிட்டு, சர்வருக்கு மட்டும் ரிசர்வேஷனைத் திரும்பப் போடுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் விண்டோஸ். ரவுட்டர் மாறினால் இது ஏதோ புது இடம் என்று நினைத்து நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று வைத்துக்கொண்டு ஃபோல்டர் பகிர்வை ஃபயர்வாலில் மூடிவிடும். எண் சரி, கேபிள் சரி, ஆனாலும் டேலி திறக்காது. சர்வரின் நெட்வொர்க் அமைப்பில் போய்ப் பிரைவேட் என்று மாற்றினால் உடனே திறந்துவிடும்.

வரிசை சரி, எண் மட்டும் வேறு

192.168.1.20 வர வேண்டிய இடத்தில் 192.168.1.117 வந்திருக்கிறதா? ரவுட்டர் வேலை செய்கிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, ஆனால் ரவுட்டருக்கு இது நம் சர்வர்தான் என்று அடையாளம் தெரியவில்லை. ரிசர்வேஷனில் எழுதியிருக்கிற மேக் ஐடியையும் சர்வர் இப்போது காட்டுகிற மேக் ஐடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எட்டுக்கும் பிக்கும் குழப்பம், பூஜ்யத்துக்கும் டிக்கும் குழப்பம், அவ்வளவுதான் சில சமயம்.

எழுத்துப்பிழை இல்லையென்றால் கார்டு மாறியிருக்கும். சர்வர் பெட்டிகளில் இரண்டு லேன் துளை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி மேக் ஐடி. தரையைக் கூட்டுகிறபோது கேபிளைப் பிடுங்கிவிட்டு வேறு துளையில் செருகினால் ரவுட்டருக்கு அது வேறு ஆள். இடியில் போர்ட் எரிந்த பிறகு அவசரத்துக்கு யூஎஸ்பி லேன் அடாப்டர் போட்டிருந்தாலும் அப்படித்தான், மேக் ஐடி அடாப்டருடையது. நடுவில் வைஃபை ரிப்பீட்டர் இருந்தால், அவற்றில் பல தன் பின்னால் இருக்கிற கருவிகளின் மேக் ஐடிக்குப் பதிலாகத் தன்னுடையதையே ரவுட்டரிடம் காட்டும், எனவே சர்வரை ரிப்பீட்டருக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

உபுண்டு சர்வரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 18.04லிருந்து அது முகவரி கேட்கும்போது மேக் ஐடியோடு, இயந்திரத்தின் உள் அடையாளத்திலிருந்து செய்த இன்னொரு அடையாளத்தையும் சேர்த்து அனுப்புகிறது. சில டிஹெச்சிபி சர்வர்கள் அந்த இரண்டாவதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும், நீங்கள் எழுதி வைத்த மேக் ஐடியைக் கண்டுகொள்ளாது. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு எழுதியிருக்கிற நெட்பிளான் ஃபைலில் டிஹெச்சிபி ஐடென்டிஃபையர் என்ற இடத்தில் மேக் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. ஒரு சர்வரின் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து இன்னொரு பெட்டியில் போட்டிருந்தால் அந்த உள் அடையாளமும் நகலாகிவிடும், இரண்டு பெட்டியும் ஒரே எண்ணைக் கேட்டு அடித்துக்கொள்ளும். இதையும் அதே வழியில் சரிசெய்யலாம், ஆனால் நகல் பெட்டியில் அந்த அடையாளத்தையே புதிதாக உருவாக்கிவிடுவதுதான் முறை.

இவ்வளவும் பார்த்து எதுவும் பிடிபடவில்லை என்றால் சர்வரில், நெட்வொர்க்கில் போய்வருகிற செய்திகளைக் காட்டுகிற டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க்கைப் போட்டு 67, 68 போர்ட்டுகளை மட்டும் கவனியுங்கள். கற்றுக்கொள்கிறவர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள், தேவையில்லை, பார்க்க வேண்டியது அந்த நான்கு செய்திகளைத்தான். டிஸ்கவர் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது, ஆஃபர் வரவில்லை என்றால் தேட வேண்டியது ரவுட்டரையும் நடுவில் இருக்கிற ஸ்விட்ச்சையும். இரண்டு வெவ்வேறு முகவரியிலிருந்து இரண்டு ஆஃபர் வந்தால் வீட்டுக்குள் இரண்டாவது ரவுட்டர் இருக்கிறது. ரெக்வெஸ்ட் போனதும் நாக் என்று மறுப்பு வந்தால், சர்வர் தன் பழைய எண்ணைக் கேட்கிறது, ரவுட்டர் அதைக் கொடுக்க முடியாது என்கிறது. வரிசை மாறிய நெட்வொர்க்கில் இது இயல்பு, அடுத்த நொடியே சர்வர் புதிதாக டிஸ்கவரிலிருந்து தொடங்கிவிடும்.

எண்ணைப் புதுப்பிக்க விண்டோஸில் ஐபிகான்ஃபிக் ரிலீஸ், அப்புறம் ஐபிகான்ஃபிக் ரின்யூ என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சர்வருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். கோயம்புத்தூரிலிருந்து ரிமோட்டில் உள்ளே போய்க்கொண்டு ரிலீஸ் தட்டினால் அந்த நொடியே எண் போகும், எண்ணோடு உங்கள் இணைப்பும் போகும், ரின்யூ தட்ட ஆள் இருக்காது, வண்டியை எடுத்துக்கொண்டு மலையேற வேண்டியதுதான். ரிமோட் என்றால் ரின்யூ மட்டும் தட்டுங்கள், அப்போதும் எண் மாறினால் புது எண்ணில் மறுபடி நுழைய வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரியானதும் கிளம்பிவிடாதீர்கள். டேலி, என்விஆர் எல்லாவற்றையும் ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு, யூபிஎஸ்ஸையும் அணைத்து, ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் மூன்றுக்கும் மெயினை ஒரே நேரத்தில் போடுங்கள், கரண்ட் போய் வந்த மாதிரி. ஐந்தாறு நிமிடம் கழித்துச் சர்வரின் எண்ணையும், எண்ணைக் கொடுத்தது யார் என்பதையும் பாருங்கள். 20 வந்திருந்து, கொடுத்தது 192.168.1.1 என்றும் இருந்தால் சர்வரின் பெயர், எண், மேக் ஐடி, எந்த லேன் துளை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுக் கிளம்பலாம், செல்லோ டேப் வேண்டாம், ஈரத்தில் ஒரு மாதம்கூட நிற்காது.